சிறைக் கைதியின் மேல்முறையீடும் காலக்கெடுவும்: ஒரு கையொப்பத்தின் வரலாறு

சட்டம் ஓர் உரிமையைக் கொடுக்கும்போதே, அதைக் கேட்டு வருவதற்கு ஒரு கெடுவும் வைத்துவிடுகிறது. வெளியில் இருப்பவருக்கு அது பெரிய சங்கடமில்லை. வக்கீலைப் பார்ப்பார், தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுவார், நாளுக்குள் மேல்முறையீடு செய்துவிடுவார். சிறைக்குள் இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? நகல் வந்தால்தான் மனு. நகலோ சிறை அதிகாரியின் மேசையைத் தாண்டித்தான் வரணும்.

வெள்ளையர் காலத்து 1908ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தைப் புரட்டினால் வியப்பாக இருக்கும். செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்ய வெறும் 7 நாள்! மற்றத் தண்டனைகளுக்கு உயர்நீதிமன்றம் செல்ல 60 நாள். உயிர் போகிற காரியத்துக்குத்தான் மிகக் குறைந்த அவகாசம். இங்கிலாந்தின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் 10 நாள் கொடுத்தது. நீதிமன்றம் அதை நீட்டிக்கலாம், ஆனால் மரண தண்டனை வழக்கில் மட்டும் நீட்டிக்க இயலாது. நம் நாட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் அப்படியொரு தடை இல்லை. ‘போதிய காரணம்’ காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றது. சுதந்திர இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் 7 நாளை 30 ஆக்கியது. 5ஆம் பிரிவையும் காத்துக்கொண்டது. நகல் பெறுவதற்கு ஆகும் நாள்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்பதும் அதில் உண்டு.

ஆனால் ‘நகல் எனக்கு வரவே இல்லை’ என்று கைதி சொன்னால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? இக்கேள்வி தில்லியில், உச்சநீதிமன்றத்தில், 1978இல் எழுந்தது. அதுவே ஹோஸ்கோட் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கு.

மனுதாரர் பல்கலைக்கழக ஆசிரியர், முனைவர் பட்டம் பெற்றவர். போலிப் பட்டச் சான்றிதழ் தயாரிக்க முயன்றதாகக் குற்றச்சாட்டு. செஷன்ஸ் கோர்ட் அவருக்கு மென்மையான தண்டனையே தந்தது: கோர்ட் கலையும்வரை காவல், கொஞ்சம் அபராதம். பம்பாய் உயர்நீதிமன்றம் 1973 நவம்பரில் அதை மூன்றாண்டாக உயர்த்தியது. அவர் உச்சநீதிமன்றம் வந்தபோது நாலு வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. நகல் தமக்கு 1978இல்தான் கிடைத்தது என்றார். இலவச நகலை அப்போதே எரவாடா சிறைக்கு அனுப்பிவிட்டோம் என்றது அரசுத் தரப்பு. சரி, அவர் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் எங்கே? பதிவேடுகளில் அது இல்லை!

அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு காலம் கழித்த தில்லித் தமிழர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு. ‘டெஸ்பாட்ச்’ ஆயிற்று என்பதால் உரியவர் கையில் கிடைத்துவிட்டது என்றாகிவிடாது.

தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1915இல் பிறந்தவர். 1952இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். 1957இல் கேரளத்தில் அமைச்சராகிச் சிறைத்துறையையும் கவனித்தவர். ஆகவே சிறை அலுவலகம் எப்படி நடக்கும் என்பது அவருக்குப் புத்தக அறிவு மட்டுமன்று.

1978 ஆகஸ்ட் 17இல் வந்த தீர்ப்பு, காலம் கடந்த மனு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை. வழக்கின் சாரத்தை ஆராய்ந்து, அதில் வலுவில்லை என்றே தள்ளியது. செஷன்ஸ் கோர்ட்டின் மென்மையையும் கண்டித்தது. மனுதாரர் தோற்றார். ஆனால் அவருக்குப் பின் வரும் கைதிகளுக்கு விதிகள் பிறந்தன. சிறைத் தண்டனை விதிக்கும் நீதிமன்றம் தீர்ப்பின் நகலை இலவசமாக உடனே தரவேண்டும். சிறை வழியாக அனுப்பினால் விரைந்து சேர்ப்பித்து, கைதியிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறவேண்டும். மேல்முறையீட்டுக்குச் சிறை நிர்வாகம் எல்லா வசதியும் செய்து தரவேண்டும். வழக்கின் தன்மையும் தண்டனையின் கடுமையும் கோரினால், வக்கீல் வைக்க வசதியற்றவருக்கு நீதிமன்றமே வக்கீலை அமர்த்தவேண்டும், செலவு அரசுடையது. இவை கருணையால் தரும் சலுகைகளல்ல, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவிலிருந்து கிளைக்கும் உரிமைகள் என்றது தீர்ப்பு.

இதன் வரலாற்றுச் சிறப்பு இதுதான்: அதுவரை தாமதம் என்றாலே கைதியின் குறை. இனி, காகிதத்தை வைத்திருந்தவரும் கணக்குச் சொல்லியாகவேண்டும்.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. காவலில் உள்ளவர் எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று ஆயிற்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இலவச நகல், சிறை அதிகாரி மூலம் மேல்முறையீடு ஆகிய இரண்டும் தொடர்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம், சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பேருந்து நிலையம், ரயில் நிலையம், அஞ்சலகம் போன்ற இடங்களில் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் பலகையாக வைக்கச் சொன்னது. விதி இருந்தும் விஷயம் தெரியாதவர் இன்னும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிழைக்க வந்த ஊரில், மொழி தெரியாமல் சிறைப்பட்டவரின் நிலை இன்னும் கடினம். அப்படி ஒருவரின் குடும்பம் நம்மிடம் வந்து, “கெடு முடிஞ்சு போச்சாம், இனி ஒண்ணும் பண்ண முடியாதாம்” என்று கலங்கினால் நாம் சொல்லவேண்டியது இரண்டு. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மேல்முறையீட்டோடு தனி மனு போடலாம். தீர்ப்பு நகல் கைதியின் கையில் என்றைக்குக் கிடைத்தது, எங்கே கையொப்பமிட்டார் என்பதை முதலில் விசாரியுங்கள்.