படிச்ச படிப்பு யாரோட சொத்து?

போன தீபாவளிக்கு மந்தைவெளியில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பெரியப்பா வந்திருந்தார். காபி குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தவர், "இந்த வீட்ல ரெண்டு ஜன்னலாவது என்னோடதுடா" என்றார். அப்பா சிரித்தார். ஆனால் அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

அப்பா கிண்டியில் பொறியியல் படித்தது குடும்ப நிலத்தின் விளைச்சலில். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் பெரியப்பா.

அவர் கேலியாகச் சொன்னது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. கூட்டுக்குடும்பச் செலவில் ஒருவர் தொழிலுக்கான சிறப்புக் கல்வி பெற்றால், அதனால் வரும் சம்பாத்தியத்தில் குடும்பத்தார் எல்லோருக்கும் பங்கு உண்டு. எழுதப் படிக்கக் கற்கும் சாதாரணக் கல்விக்கு மட்டும் விலக்கு.

இதை மாற்ற முதலில் முயன்றவர்களில் ஒருவர் சென்னையின் புகழ்பெற்ற வக்கீல் வெ. பாஷ்யம் ஐயங்கார். 1890களில் அவர் கொண்டுவந்த மசோதா சபையில் நிறைவேறியும் ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கூட்டுக்குடும்பமே உடைந்துபோகும் என்ற எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்தது. 1921இல் லண்டன் பிரிவி கவுன்சில், ஓர் ஐ.சி.எஸ். அதிகாரியின் சம்பாத்தியமே குடும்பச் சொத்துதான் என்று தீர்ப்பளித்தது. காரணம், அவர் படிப்புக்குச் செலவானது குடும்பப் பணம். கடைசியில் எம்.ஆர். ஜெயகரின் முயற்சியால் 1930இல் சட்டம் வந்தது. படிக்கவைத்தது யாராக இருந்தாலும், படித்த காலத்தில் சோறு போட்டது யாராக இருந்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒருவரின் சம்பாத்தியத்தில் பங்கு கேட்க முடியாது என்றது.

தனிக்குடித்தனம் என்பது ஃப்ளாட்டும் ஐ.டி. வேலையும் கொண்டுவந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு வெகு முன்பே சம்பளம் சட்டப்படி தனிக்குடித்தனம் போய்விட்டிருக்கிறது. அது நல்லதுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சம்பளத்தில் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் நான் வீட்டுக்கடனே வாங்கியிருக்க முடியாது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "சட்டத்துல இல்லன்னா கடனும் இல்லன்னு ஆயிடுமா?" என்றார்.

பெரியப்பாவின் பேரன் இந்த வருடம் பிளஸ் டூ. அவனுடைய காலேஜ் ஃபீஸை நான் கட்டலாம் என்றிருக்கிறேன். "நாம எதுக்குக் கட்டணும்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். 1930க்குப் பிறகு அதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது.