வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகை: விகிதமுறாத் தன்மை

√2 + √3 ஒரு விகிதமுறா எண். எந்த இரு முழு எண்களின் பின்னமாகவும் அதை எழுத முடியாது. √2, √3 இரண்டும் விகிதமுறாதவை என்பது மட்டும் இதற்குக் காரணமாகாது. √2, 3 − √2 ஆகியவையும் விகிதமுறா எண்களே. கூட்டினால் கிடைப்பதோ 3. எனவே கூட்டுத்தொகைக்குத் தனி நிரூபணம் வேண்டும். முழு வர்க்கமல்லாத இயல் எண்ணின் வர்க்கமூலம் விகிதமுறாதது என்பதே அதற்கு அடிப்படை.

பாடநூல்களில் வழக்கமாகக் காணும் வழி வர்க்கப்படுத்துவது. √2 + √3 = க என்றும், க விகிதமுறு எண் என்றும் கொள்வோம். வர்க்கப்படுத்தினால் 5 + 2√6 = க²; ஆகவே √6 = (க² − 5)/2. வலப்பக்கம் விகிதமுறு எண்; √6 அப்படியல்ல. இது முரண்பாடு. யூக்ளிடின் 'மூலங்கள்' பத்தாம் நூலும் இத்தகைய கூட்டுத்தொகைகளைக் கோட்டுத்துண்டுகளாக ஆராய்கிறது. ஆனால் வர்க்கம் விகிதமுறுவாக அமையும் √2 போன்ற நீளங்களையும் யூக்ளிட் விகிதமுறு வகையிலேயே சேர்த்தார். இன்றைய வரையறை வேறு.

வர்க்கப்படுத்தும் வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. √2 + √8 ஐ வர்க்கப்படுத்தினால் 18 வரும். முரண்பாடு எதுவும் எழாது. அங்கும் பயன்படும் வழி, கூட்டலோடு கழித்தலையும் சேர்த்துப் பார்ப்பது. (√8 + √2)(√8 − √2) = 6. கூட்டுத்தொகை விகிதமுறு எனில், 6 ஐ அதனால் வகுத்துக் கிடைக்கும் √8 − √2 உம் விகிதமுறு. இரண்டின் வித்தியாசம் 2√2; அதுவும் விகிதமுறுவாக வேண்டும், ஆனால் அப்படியல்ல. மூலங்களின் கீழ் எந்த இரு இயல் எண்கள் இருந்தாலும், அவற்றில் ஒன்றாவது முழு வர்க்கமல்லாததாக இருந்தால் போதும், இந்த நிரூபணம் செல்லும். இரண்டு வழிகளில் இதுவே சிறந்தது.

மூன்று மூலங்கள் வந்தால் இருமுறை வர்க்கப்படுத்த வேண்டும். √2 + √3 + √5 = க எனில் √2 + √3 = க − √5. வர்க்கப்படுத்திச் சுருக்கினால் க² = 2√6 + 2க√5. மீண்டும் வர்க்கப்படுத்தினால் க⁴ = 24 + 20க² + 8க√30. இதிலிருந்து √30 விகிதமுறு என்றாகும். 30 முழு வர்க்கமல்ல என்பதால் அது பொய்.

மூலங்கள் பெருகப் பெருக இம்முறை கைக்கு அடங்காது. கால்வா கோட்பாடு ஒரே அடியில் முடிக்கிறது. கூட்டுத்தொகையில் √2 இருப்பதாகக் கொள்வோம். விகிதமுறு எண்களை மாற்றாமல் √2 ஐ −√2 ஆக்கும் உருமாற்றம் ஒன்று உண்டு. பிற மூலங்கள் அதில் அப்படியே நிற்கும் அல்லது குறி மாறும். எப்படியும் கூட்டுத்தொகை குறைந்துவிடும். விகிதமுறு எண்ணாக இருந்தால் அது மாறியிருக்கக் கூடாது. எல்லா மூலங்களும் மிகைக் குறியுடன் இருப்பதே இங்கு உயிர்நாடி. √8 − √2 − √2 என்பது வெறும் 0.