கொசு விமானமும் ஒட்டுப் பசையும்

தச்சுப் பட்டறை என்றால் ஒரு காலத்தில் வஜ்ஜிரம் காயும் வாடை இருந்தே தீரும். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. அதை வெந்நீரில் இளக்கி, சூடு ஆறுவதற்குள் மரத்தில் தடவி ஒட்டுவார்கள். மதுரைச் சமவெளியின் சித்திரை வெயிலில் இறுகி நிற்கும் அந்த ஒட்டு, ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து இளகிவிடும். நாற்காலியின் கால் ஆடினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம். வானில் பறக்கும் விமானத்தின் இறக்கை அப்படி விட்டுப்போனால்?

1944-ஆம் ஆண்டில் இந்திய வானில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. பிளாஸ்டிக்கில் மாதிரி விமானம் செய்ய விரும்பும் மாணவர்கள், பசையையும் வண்ணத்தையும் தேர்ந்தெடுக்கும் முன் அந்த வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

மரத்தால் ஒரு போர் விமானம்

இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியத்துக்குக் கடும் தேவை இருந்தது. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் மரத்தைக் கொண்டே ஒரு வேக விமானத்தைக் கட்டியது. 'மாஸ்கிட்டோ', அதாவது கொசு, என்று பெயரிடப்பட்ட அது 1940 நவம்பர் 25 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 7,781 கொசு விமானங்கள் கட்டப்பட்டன.

அதன் உடற்பகுதியில், இரண்டு மெல்லிய பர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே மிக இலேசான பால்சா மரம் இருந்தது. இடப் பாதியையும் வலப் பாதியையும் தனித்தனி அச்சுகளின் மேல் வளைத்து ஒட்டினார்கள். கம்பிகளையும் குழாய்களையும் உள்ளே பொருத்திய பிறகு, அவரை விதையின் இரு பருப்புகளைப் போல இரண்டையும் சேர்த்து மூடினார்கள். இன்றைய பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், விமானத்தின் உடல் இதேபோல் இரு பாதிகளாகத்தான் இருக்கும்.

தொடக்கத்தில் இவ்விமானத்துக்குப் பயன்பட்டது கேசீன் பசை. பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்துடன் சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது. உலர்ந்த இடத்தில் இது நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் இளகும். புரதம் ஆகையால் பூஞ்சைக் காளானுக்கும் நல்ல உணவாகும். இதற்கு மாற்றாக வந்தது, டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புருய்ன் 1937-இல் உருவாக்கிய 'ஏரோலைட்' என்ற யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை. இது ஈரத்தையும் பூஞ்சையையும் மிக நன்றாகத் தாங்கியது.

இந்தியாவில் நேர்ந்த சோதனை

பர்மாப் போர்முனைக்காகக் கொசு விமானங்கள் இந்தியாவுக்கு வந்தன. 1944-இல் அவற்றுள் சில பறக்கும்போதே உடைந்து விழ, விமானிகள் உயிரிழந்தனர். நவம்பரில் விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். இறக்கைகளில் ஒட்டு விட்டிருப்பது தெரிந்தது. தட்பவெப்பமே பெரும் காரணம் என்றது முதல் விசாரணை. மழையில் மரம் உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது. அந்த இழுபறி ஒட்டிய இடத்தின் மேல் விழுகிறது என்பது உண்மையே. ஆனால் மேலும் ஆராய்ந்தபோது, தொழிற்சாலையிலேயே சில மூட்டுகள் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருந்ததும் வெளிப்பட்டது. பழியை வெயிலின் மேல் மட்டும் போட முடியவில்லை.

இறக்கையின் இணைப்பு நெடுக ஓர் ஒட்டுப்பலகைப் பட்டையை வைத்து மூடினார்கள். இப்பகுதி விமானங்களுக்கு வெள்ளிநிற அலுமினியப் பூச்சும் கொடுத்தார்கள். அலுமினியத் துகள்கள் மீன் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வெயிலைத் திருப்பி அனுப்பும்; ஈரத்தையும் தடுக்கும். வண்ணம் இங்கே அழகுக்காக அன்று, பாதுகாப்புக்காக.

பிளாஸ்டிக்குக்கு எந்தப் பசை?

பிளாஸ்டிக் மாதிரி விமானம் போருக்கு முந்தியது. பிரிட்டனில் 1936-இல் 'பெங்குவின்' என்ற பெயரில் வந்த மாதிரிகள் செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை. அவை நாளடைவில் கோணிப்போகும். போருக்குப் பின் அவ்விடத்தைப் பாலிஸ்டைரீன் பிடித்துக்கொண்டது.

இந்தியாவில் 1959-இல் ஃபெவிகால் வந்து, வஜ்ஜிரத்தின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்தது. அந்த வெள்ளைப் பசையின் நீரை மரம் உறிஞ்சுவதால்தான் பசை இறுகுகிறது. பாலிஸ்டைரீன் நீரை உறிஞ்சாது. எனவே அதில் உறுதியான பிடிப்புக் கிடைக்காது. அதற்கு வேண்டியது டொலுயீன், பியூட்டனோன் போன்ற கரைப்பான் கலந்த பசை. அது இரு பரப்புகளையும் சற்றே கரைக்கிறது. இரு பக்கத்து நீண்ட மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டு துண்டுகள் ஒரே துண்டாகின்றன. இது ஒட்டு அன்று, பற்றவைப்பு எனலாம். ஆகவே ஒட்டும் விளிம்பில் வண்ணம் இருந்தால் சுரண்டிவிட வேண்டும். அதிகம் தடவினால் பிளாஸ்டிக் உருகிக் குழையும்.

விமானி அறையின் கண்ணாடி போன்ற மூடிக்கு இந்தப் பசை ஆகாது, மங்கிவிடும். உடனடிப் பசையான சயனோஅக்ரிலேட்டின் ஆவியும் அதன்மேல் வெண்படலமாகப் படியும். சுமை இல்லாத இந்த இடத்துக்கு வெள்ளைப் பசையே போதும். உலர்ந்தால் ஒளி ஊடுருவும்.

வண்ணமும் வெயிலும்

எனாமல், நீரில் கரையும் அக்ரிலிக் இரண்டும் பாலிஸ்டைரீனுக்கு ஏற்றவை. லாக்கர் தின்னர் வீரியமானது; பிளாஸ்டிக்கை அரிக்கும், எனாமலின் மேல் பூசினால் அதைச் சுருக்கும். சித்திரை நடுப்பகலில் அக்ரிலிக்கைத் தெளித்தால், துளிகள் பரப்பைத் தொடுமுன்பே உலர்ந்து சொரசொரப்பாகும். காலை வேளையே நல்லது. மழைநாளில் லாக்கர் வெளுத்துப்போகும். முடித்த மாதிரியை வெயில் விழும் சன்னலில் வைக்க வேண்டாம். கரைப்பான் ஆவி தீப்பற்றும், தலைசுற்றலும் தரும். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்ட அமர்ந்து வேலை செய்க.

செய்து பாருங்கள்: பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் நான்கு துண்டுகளை நறுக்குங்கள். இரண்டைக் கரைப்பான் பசையாலும் இரண்டை வெள்ளைப் பசையாலும் ஒட்டி, ஒரு நாள் கழித்து நீரில் ஊற வையுங்கள். மறுநாள் எடுத்து வளைத்துப் பாருங்கள். எது விட்டுப்போகிறது என்று குறித்துக்கொண்ட பிறகு விமானத்தைத் தொடுங்கள்.