பேசக் கூடாதவரிடம் சிறை: உள்நாட்டுப் போர்களும் கடலோடிகளின் விடுதலையும்

குமரி மாவட்டத்தில் அந்நியக் கைதிகள் என்றாலே குளச்சல் போர்தான் நினைவுக்கு வரும். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைச் சிறைபிடித்தது. அவர்களில் ஒருவரான டிலனாய் திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்து, 1777இல் உதயகிரிக் கோட்டையிலேயே இறந்தார். டிலனாயின் வாழ்க்கை சுவையானது. ஆனால் இக்கட்டுரைக்கு வேண்டியது வேறு. சிறைபிடித்தவர் ஓர் அரசர். அவரோடு பேசவும் ஒப்பந்தம் எழுதவும் டச்சுக் கம்பெனிக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. 1753இல் மாவேலிக்கரையில் அப்படியோர் உடன்படிக்கையும் ஏற்பட்டது. 2007இல் இதே குமரிக் கரையோர மீனவர்கள் இலங்கை உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டபோது நிலைமை தலைகீழ். பிடித்து வைத்ததாகச் சொல்லப்பட்டவர்கள், 1992 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட விடுதலைப் புலிகள். அவர்களோடு டில்லி நேரடியாகப் பேச வழியில்லை. உள்நாட்டுப் போரில் அகப்பட்ட அயல்நாட்டுக் கடலோடியின் விடுதலையைத் தீர்மானிப்பது அவருடைய அரசின் வலிமையோ கண்டன அறிக்கையோ அல்ல, அங்கீகாரச் சிக்கலில் மாட்டாமல் பேச ஒரு வழி உண்டா என்பதே என்று நான் கருதுகிறேன். அந்த வழி இருபதாம் நூற்றாண்டில் மெல்ல உருவானது. கப்பல் மாலுமிக்கு அது எட்டிய அளவுக்கு மீனவருக்கு எட்டவில்லை.

நாடுகளுக்கிடையிலான போரில் கடலோடிக்குப் பாதுகாப்பு முன்பே இருந்தது. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஒன்று கரையோர மீன்பிடிப் படகுகளைக் கைப்பற்றக் கூடாது என்றது. பிடிபட்ட எதிரி வணிகக் கப்பலில் வேலை செய்யும் நடுநிலை நாட்டவரைப் போர்க் கைதியாக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் அதில் கையெழுத்திட்டவை அரசுகள். கிளர்ச்சியாளர் கையில் சிக்கியவருக்கு அந்தத் தாளால் பயனில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் இதைக் காட்டியது. 1936 டிசம்பரில் கிளர்ச்சித் தலைவர் பிராங்கோ தரப்பின் போர்க்கப்பல் 'கனாரியாஸ்', 'கொம்சொமோல்' என்ற சோவியத் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதன் மாலுமிகள் ஸ்பெயினில் சிறை வைக்கப்பட்டனர். பிராங்கோவை அரசாகவே ஏற்காத மாஸ்கோ, தன் மாலுமிகளை விடும்படி யாரிடம் கேட்பது? மாதக்கணக்கில் அவர்கள் சிறையில் கிடந்தனர். இந்தப் பள்ளத்தை ஓரளவு மூடியது 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு. உள்நாட்டுப் போரிலும் கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும், சர்வதேச செஞ்சிலுவைக் குழு போன்ற நடுநிலை அமைப்பு இரு தரப்புக்கும் தன் உதவியை முன்வைக்கலாம் என்கிறது அது. அதன் கடைசி வரிதான் முக்கியம்: இவற்றைச் செய்வதால் எத்தரப்பின் சட்ட நிலையும் மாறாது. அரசுகளின் அச்சத்தை அறிந்தே அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள்.

இலங்கைப் போரில் இந்த வழி நடைமுறையில் வேலை செய்தது. 1997 ஜூலையில் வட இலங்கைக் கடலில் வடகொரியாவின் 'மொராங் போங்' கப்பலைப் புலிகளின் கடற்படைப் பிரிவான கடற்புலிகள் கைப்பற்றினர். மாலுமி ஒருவர் இறந்தார். எஞ்சியவர்கள் சில நாட்களிலேயே செஞ்சிலுவைக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டனர். 2006 டிசம்பரில், இந்தியாவில் ஏற்றிய 14,000 டன் அரிசியோடு போன ஜோர்தானியக் கப்பல் 'ஃபாரா 3' முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டியது. அரிசி போய்விட்டது, மாலுமிகள் 25 பேரும் அதே குழு வழியாக வெளியே வந்தனர். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2007 மார்ச்சில், 'ஸ்ரீ கிருஷ்ணா' என்ற விசைப்படகும் அதிலிருந்த 12 மீனவர்களும் காணாமல் போயினர். அதே மாதக் கடைசியில் குமரிக்கு அப்பால் ஐந்து மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். முதலில் பழி இலங்கைக் கடற்படை மேல் விழுந்தது, ஏப்ரல் இறுதியில் தமிழகக் காவல்துறை கடற்புலிகளைக் குற்றம்சாட்டியது, புலிகள் மறுத்தனர். மே 17 அன்று மாலத்தீவு கடலோரக் காவல்படை மூழ்கடித்த படகு அந்த 'ஸ்ரீ கிருஷ்ணா'தான் என்று தெரிந்தது. உயிரோடு மீட்கப்பட்ட அதன் ஓட்டுநர், புலிகள் படகைக் கடத்தி மற்றவர்களைக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார். அடுத்த சில நாட்களில் மற்ற 11 பேரும் தமிழகக் கரை வந்து சேர்ந்தனர். ஜோர்தானியக் கப்பலின் ஆட்கள் யாரிடம் இருக்கிறார்கள் என்பது முதல் நாளே உலகுக்குத் தெரியும். நம் மீனவர்கள் யாரிடம் இருக்கிறார்கள் என்பதே இரண்டு மாதம் சர்ச்சையாக இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: அந்த 11 பேரை மீட்டது இடையாள் அல்ல, தமிழகத்தின் பொதுக் கருத்து, தமிழக ஆதரவை இழக்கப் புலிகளுக்கு மனமில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் எடுபடும் மருந்து அல்ல. ஏமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்களுக்குக் குமரி மாவட்டத்து மனநிலை பொருட்டே இல்லை. 2020 பிப்ரவரியில் அவர்கள் பிடித்த இந்தியக் கடலோடிகள் 14 பேர் விடுதலையாக நவம்பர் இறுதி ஆயிற்று. ஏமனுக்கான இந்தியத் தூதரகமோ 2015 முதல் ஜிபூட்டியிலிருந்து இயங்கிவந்தது. 2022 ஜனவரி 2 அன்று பிடிபட்ட 'ர்வாபீ' கப்பலில் 7 இந்தியர் இருந்தனர். ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா குரல் கொடுத்தது; ஏப்ரல் 24 அன்று அவர்களை மஸ்கட்டுக்குக் கொண்டுவந்தது ஓமன். ஹூதிகள் பிடித்த 'கேலக்ஸி லீடர்' கப்பலின் 25 பேரை விடச் சொல்லிப் பாதுகாப்பு அவை 2024 ஜனவரியில் தீர்மானமே போட்டது. ஓராண்டு கழித்து அவர்களைப் பெற்றுக்கொண்டதும் ஓமன்தான். இப்படி இடையாள் வைத்துப் பேசுவது பிடித்தவர்களுக்குத் துணிச்சலூட்டும் என்பார்கள் சிலர். பணயப் பணம் கொடுத்தால் ஊட்டும். பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, கடிதம் சேர்ப்பித்து, உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்பது வேறு சங்கதி.

அந்தப் பெயர்ப் பட்டியல்தான் மீனவரிடம் இல்லாதது. கப்பல் மாலுமியின் கையில் அவரது கடற்பணியைப் பதியும் சிடிசி புத்தகம் இருக்கும். கம்பெனி, கொடி நாடு, காப்பீட்டாளர், தொழிற்சங்கம் என்று அவரைத் தேட நாலு பேர் உண்டு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் பின்னர் சேர்த்த திருத்தம், கடற்கொள்ளையர் பிடியில் இருக்கும் நாட்களுக்கும் மாலுமிக்குச் சம்பளம் ஓட வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. மீனவருக்கெனத் தனி உடன்படிக்கை, 'ஸ்ரீ கிருஷ்ணா' மூழ்கிய அடுத்த மாதமே, 2007 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேறியது. 2017இல் அது நடைமுறைக்கு வந்தபோது ஏற்புறுதி செய்த நாடுகளில் இந்தியா இல்லை. குமரி மாவட்டத்தின் பழைய விளவங்கோடு வட்டக் கடற்கரையில், நீரோடி முதல் தூத்தூர் வரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள் பங்குக்குத் தொழில் செய்கிறார்கள். ஒரு பயணத்துக்கு வந்தவர் அடுத்ததற்கு வேறு படகில் போவார். படகு காணாமல் போனால் உள்ளே யார் யார் என்பதை ஊர்தான் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லை தாண்டினால் பிடிபடத்தான் செய்வார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். உள்நாட்டுப் போரில் சிக்கினால், எல்லை தாண்டியவருக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு பொருந்தும்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஆள்பட்டியலை வாங்கிப் பதிந்து, படகு திரும்பாத நாளிலேயே அதை வெளியுறவு அமைச்சகத்துக்கும் செஞ்சிலுவைக் குழுவுக்கும் அனுப்பும் பொறுப்பை மீன்வளத் துறை ஏற்க வேண்டும். பெரிய ராஜதந்திரம் எதுவும் இதற்குத் தேவையில்லை; ஒரு பதிவேடும் அதைக் கையாள ஓர் அலுவலரும் போதும்.