பாட்டன் பெயரும் பத்திரமும்

தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவர் பெயரையும் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தல் ஆடி அமாவாசையன்று நம் சமயத்தவர் ஆற்றும் கடன். இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரை எண்ணிய வள்ளுவரும் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். ஆயின், அம்மூன்று பெயர்களையும் தடையின்றிச் சொல்ல வல்லவர் நம் புசல்லாவைப் பகுதியில் எத்தனை பேர்? தந்தை பெயரை எவரும் அறிவர். பாட்டன் பெயரைப் பெரும்பாலோர் அறிவர். பூட்டன் பெயரைக் கேட்டால் ஐயர் முன்னே விழித்து நிற்போரே பலர். ஐயரும் பொதுவாக ஒன்றைச் சொல்லிக் கிரியையை நிறைவேற்றி வைக்கிறார்.

இதனைக் கண்டு, தோட்டத்து மக்களுக்குக் குடும்ப வரலாறு ஏது என்று ஏளனம் பேசுவோரும் உளர். குடும்ப வரலாறு இல்லாத மக்கள் உலகில் எங்கும் இல்லை. அது எழுதப்பட்டதா, எழுதிய ஏடு யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. நம்மவரைப் பொறுத்தவரை இது ஆராய்ச்சியாளர் மட்டும் கேட்கும் கேள்வியாக இருக்கவில்லை. வாக்குரிமையையும் வீட்டையும் உடன்பிறந்தாரையும் இழக்கச் செய்த கேள்வியாக இருந்தது. ஆகவே அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் நம் ஊரைச் சூழ்ந்த மலைகள் முதலிற் கண்ட பயிர் தேயிலையன்று, கோப்பி. 1840களின் தொடக்கத்திலேயே டி வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே றொத்சைல்ட் தோட்டத்தை அமைத்தனர். சீனத் தேயிலைச் செடிகளையும் அவர்கள் அங்கே நட்டுப்பார்த்தார்கள் என்பது வரலாறு. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் 1867இல் தேயிலை பயிரிட்டதற்குப் பல ஆண்டுகள் முந்திய செய்தி இது. கோப்பித் தொழிலுக்கு ஆள் வேண்டியது பெரும்பாலும் பழம் பறிக்கும் காலத்தில். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னே வந்தவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்து மலையேறினர். பறிப்பு முடிந்ததும் பலர் திரும்பினர். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை வந்தது. அப்பொழுதுதான் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு வேண்டும். அதே காலத்தில் மொரிசியசுக்கும் நெற்றாலுக்கும் பீஜிக்கும் நம் நாட்டவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். கொடுமையில் அவை ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. ஆயினும் ஒப்பந்த முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திரம் எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, கிராமம், சாதி, உடலிலுள்ள அடையாளம் யாவும் அதிலே உண்டு. மொரிசியசில் மகாத்மா காந்தி நிறுவகத்தில் அக்குடியேற்ற ஏடுகள் இன்றும் பேணப்படுகின்றன. சிலருக்குப் புகைப்படங்கூட உண்டு. அங்குள்ள ஒரு பூட்டப்பிள்ளை அந்த ஏட்டின் துணைகொண்டு பீகாரிலோ தமிழ்நாட்டிலோ உள்ள தன் முன்னோர் கிராமத்தை அறிந்துகொள்ளலாம்.

இலங்கைக்கு வந்தவருக்கோ அத்தகைய பத்திரம் இல்லை. இங்கே வழங்கியது கங்காணி முறை. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டிக் கொணர்ந்தான். கணக்கெல்லாம் அவனுடைய கடன் கணக்கே. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அக்கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். அத்துண்டு முறை 1921இல் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டும் அப்படியே. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம் என்று பொறித்துக் கழுத்திலே கட்டிய அந்தத் தகரம், ஆளை எந்தத் தோட்டத்திற் சேர்ப்பது என்பதைச் சொல்லிற்று. அவன் யாருடைய மகன் என்பதை அது சொல்லவில்லை. வேண்டியவர்க்கு வேண்டியது அவ்வளவே.

பிறப்பு இறப்புப் பதிவு இந்நாட்டில் 1867ஆம் ஆண்டு தொட்டே உண்டு என்பது உண்மை. எனினும் லயத்திலே பிறந்த குழந்தையைத் தகப்பன் தானே சென்று பதிவதில்லை. செய்தி தோட்ட நிருவாகத்தின் வழியே போக வேண்டும். பதியாது விடப்பட்டவை பல. பதிந்தவற்றிலும், வீட்டில் வழங்கிய பெயர் ஒன்று, ஏட்டில் ஏறிய பெயர் வேறொன்று. கறுப்பையா என்னும் ஒரே பெயர் ஆங்கிலத்தில் ஒருமுறை 'சி' எழுத்தோடும் மறுமுறை 'கே' எழுத்தோடும் தொடங்கும். செக்ரோலில் ஐந்து இராமசாமிகள் இருந்தால் பெரிய இராமசாமி, சின்ன இராமசாமி, கட்டை இராமசாமி என்று எழுதிவிடுவது கணக்கப்பிள்ளைக்கு எளிது. பிற்காலத்தில் அந்தக் 'கட்டை'யே ஒரு குடும்பத்துக்குச் சான்றாகப் போகிறது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்!

இனி 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறையுமுன் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசையாக வேண்டுமாயின், அவர் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். தான் வெளியே பிறந்தவராயின், முன்னோருள் இருவர் பிறப்பைக் காட்டல் வேண்டும். தந்தை, பாட்டன், பூட்டன்! அமாவாசையன்று ஐயர் கேட்கும் அதே மூன்று பெயர்கள். ஐயருக்குப் பெயர் போதும், அது தெரியாவிடினும் வழி உண்டு. சட்டத்துக்கோ பிறந்த இடமும் அதற்குச் சான்றும் வேண்டியிருந்தன.

சோகமையிலோ டெல்டாவிலோ 1915இல் பிறந்த ஒரு தொழிலாளியை எண்ணிப்பாருங்கள். அவர் தந்தை 1890இல் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவராயின் கதை அங்கேயே முடிந்தது. தந்தையும் இம்மலையிலேயே பிறந்தவராயினும் அதற்குப் பத்திரம் எங்கே? பழைய பிறப்புப் பத்திரம் சிங்களக் கிராமத்தவர் எல்லோரிடமும் இருந்ததென்று சொல்ல முடியாது. ஆயின் அவர்களை எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் சொற்களில் இனத்தின் பெயர் இல்லை. அதனாற்றான் கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் இங்கிலாந்துப் பிரிவி கவுன்சிலும் அச்சட்டம் செல்லும் என்றே தீர்த்தது.

மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையைக் காட்டும்படி கேட்டது. இங்கே இன்னொரு முடிச்சு விழுந்தது. ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் 'இடையறாமை' அறுந்துவிடும். தாயின் இறப்புக்கோ தங்கையின் திருமணத்துக்கோ சீமைக்குப் போனவர் நோயாலோ வறுமையாலோ தாமதித்திருந்தால், அந்தப் பயணமே அவருக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. உறவை மறவாதவன் உரிமையிழந்தான். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றவர் 1,34,000 பேர் அளவினரே. 1947இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நம் சரஸ்வதி வித்தியாலயத்தோடு இணைத்து நினைக்கப்படும் கே. இராஜலிங்கம் அவர்கள் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து அவ்வெழுவருள் ஒருவராகச் சென்றார்கள். பிரசையல்லாதார்க்கு வாக்கில்லை என்று 1949இல் சட்டம் வந்தபின், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவர் நிலை என்னாயிற்று என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கொண்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினர். இங்கே இருக்க விரும்பியோர் அத்தொகையினும் மிகுதி. விண்ணப்பம் குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டது. ஆனால் மணமான மகன் வேறு குடும்பம், மணமான மகள் வேறு குடும்பம். ஆகவே தாய்க்கு ஒரு நாடும் மகளுக்கு ஒரு நாடும் அமைந்தன. ஒப்பந்தம் கண்ட அவ்வாண்டு டிசம்பரிலேயே தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. பின்னர் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கே கப்பல் சென்றது. மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் கூடலூர், கோத்தகிரித் தேயிலைக்கும், வால்பாறைக்கும், கன்னியாகுமரி, புனலூர், சுள்ளியா இரப்பர்த் தோட்டங்களுக்கும், நூலாலைகளுக்கும் சிதறினர். சென்ற இடத்திலும் அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்றே பெயர்.

அதன்பின் உறவு கடிதத்தில் வாழ்ந்தது. கடிதமும் எளிதன்று. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே விலாசம். தோட்ட அலுவலகத்துத் தப்பால் பையில் வந்த கடிதம் உரியவர் கையைச் சேர்ந்தால் நல்லூழ். குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறினால் அத்தோடு தொடர்பு அறும். 1983க்குப் பின் கப்பலும் நின்றது. கூடலூரில் மாண்ட அண்ணனின் செய்தி ஆறு மாதம் கழித்து இங்கே எட்டி, நாள் தெரியாமல் திவசம் செய்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலையைத் தீர்த்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்தவர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் அது உரிமை வழங்கியது. நன்மையான சட்டமே. ஆயினும் அதிலும் 'வழித்தோன்றல்' என்னும் சொல் இருப்பதை இளைஞர் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த வேறொரு திருத்தத்தினாலேயே தாய்வழியாகவும் பிள்ளை பிரசையாகலாம் என்றாயிற்று. அதுவரை ஐம்பத்தைந்து ஆண்டுகளாக, கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்ணின் பிறப்பிடம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

வடநாட்டில் ஹரித்துவாரத்துப் பண்டாக்கள், யாத்திரை வந்தவர்களின் வமிசத்தை ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதிவருகிறார்கள். நம்மிடம் அத்தகைய ஏடு இல்லை. இருப்பவை சிதறிய துண்டுகள்: பிறப்பு, விவாகப் பதிவுகள், தோட்டப் பாடசாலைச் சேர்விடாப்பு, பழைய செக்ரோல், பிரசாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, இந்தியாவுக்குப் போனவரின் குடும்ப அட்டை, கோயில் திருவிழா வரிக் கணக்கு. இவற்றுள் குடும்ப அட்டையே சிறந்தது என்பது நம் எண்ணம். ஒரு குடும்பத்தார் பெயரெல்லாம் ஒரே தாளில் உள்ளது அதிலேதான். எழுத்தில் இல்லாததைக் கிழவிமாரிடம் கேட்க வேண்டும். "உங்கள் பாட்டன் பெயரென்ன?" என்றால் தெரியாது என்பார்கள். "குலதெய்வம் எது? பொங்கலுக்கு யார் வீட்டிலிருந்து படி வந்தது? எந்த ஊர்க்காரி என்று உங்கள் மாமியாரைச் சொல்வார்கள்?" என்று கேட்டால் துறையூரும் நாமக்கல்லும் தாமே வெளிப்படும். ஒப்பாரியில் ஊர்ப்பெயர் வருவதும் உண்டு.

ஊரைச் சொல்லச் சிலர் தயங்குவர். ஊர் தெரிந்தால் சாதி தெரியும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் வீணானதன்று. முன்னோரைத் தேடுகிறோம் என்று சொல்லிச் சாதியைத் தேடுவோர் இருக்கவே செய்கிறார்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாமையே மரியாதை.

இப்பொழுது கண்டி, கொழும்பு, கூடலூர், மத்திய கிழக்கு, கனடா எனப் பரந்துள்ள சில குடும்பங்கள் தமக்கென இணையத்தளம் அமைத்துப் பிறப்பு, திருமணம், மரணச் செய்திகளை அறிவித்து, வமிச அட்டவணையும் சேர்க்கின்றன. வரவேற்கத்தக்க முயற்சி. வாட்ஸ்அப்பில் வரும் செய்தி காலை வணக்கங்களுக்கிடையே புதைந்துபோகும். தளத்தில் இட்டது தேடினால் கிடைக்கும். ஆயினும் தளத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறவர் ஒருவரே, அவர் நோயுற்றாலோ மனம் சலித்தாலோ தளமும் மறைந்துவிடும். ஆகவே ஆண்டுக்கொருமுறை முழுவதையும் தாளில் அச்சிட்டு, இங்கே ஒரு வீட்டிலும் இந்தியாவில் ஒரு வீட்டிலும் வைத்தல் வேண்டும். ஒவ்வொருவர் பெயரையும் தமிழிலும், பத்திரத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் அத்தனையிலும் எழுதுக. வீட்டுப்பெயரை விடாதீர்கள். தாய்வழியையும் தந்தைவழிக்கு ஈடாக எழுதுக. உயிரோடிருப்பவரின் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் தளத்தில் இடவேண்டாம்.

2023இல் நம்மவர் வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். அப்பாதையில் மாண்டவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை. 1964க்குப் பின் கப்பலேறியவர்களின் பெயர்களோ இன்னும் நினைவில் உள்ளன. அவர்களை ஏற்றிவிட்டு நின்றவர்கள் இப்பொழுது எழுபது, எண்பது வயதினர். வரும் தைப்பொங்கலுக்குள் தத்தம் லயத்திலுள்ள அத்தகைய முதியோரைக் கண்டு, யார் எந்த ஆண்டில் எந்த ஊருக்குப் போனார் என்பதை எழுதிவரும்படி நம் அங்கத்தவரைக் கேட்டிருக்கிறோம். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும்.