கபோஹோவின் பாறைக் குளங்கள்: எரிமலை தந்ததும் எடுத்துக்கொண்டதும்

ஹவாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹோனலூலு நகரின் வைக்கிக்கி கடற்கரைதான். அமெரிக்காவின் அந்தத் தீவு மாநிலத்தில் தென்கோடியில் இருப்பது ஹவாய்த் தீவு. ஆழ்கடலுக்குப் போகத் துணியாதவர்களும் பவளங்களை மிக அருகிலிருந்து பார்க்கக்கூடிய ஓர் இடம் அங்கே இருந்தது. தீவின் கிழக்கு முனையில், கபோஹோ கரையோரத்தில் அமைந்திருந்த வைஓபை பாறைக் குளங்களே அவை. 2018 ஜூன் மாதத் தொடக்கத்தில், ஒரு சில நாள்களில் அவை எரிமலைக் குழம்புக்கு அடியில் மறைந்துபோயின.

குளங்கள் உருவான விதம்

சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பெரியதான ஹவாய்த் தீவு, ஐந்து எரிமலைகள் சேர்ந்து உருவாக்கிய நிலம். அவற்றுள் மிகத் துடிப்பானது கிலாவேயா. அதன் கிழக்குப் பக்கமாக நிலத்தடியில் ஓடும் நீண்ட வெடிப்பு மண்டலம், கபோஹோ அருகே கடலைத் தொடுகிறது.

எரிமலைக் குழம்பு கடலோரத்தில் ஆறி இறுகும்போது சமதளமாக அமைவதில்லை. மேடும் பள்ளமும் பிளவுகளுமாகக் கருங்கல் பரப்பாகிறது. கபோஹோவில் இந்தப் பரப்பு காலப்போக்கில் மெல்லத் தாழ்ந்தது. பள்ளங்களில் கடல்நீர் நிறைந்தது. ஒன்றோடொன்று இணைந்த குளங்கள் இப்படித்தான் உருவாயின. கடல் பக்கமிருந்த பாறை வரம்பு பேரலைகளைத் தடுத்ததால் உள்ளே நீர் அமைதியாக இருந்தது. கடல் ஏறும்போது புதுநீர் உள்ளே வரும்; வற்றும்போது குளங்கள் தனித்தனியாகப் பிரியும்.

மலையில் பெய்யும் மழைநீர் துளைகள் நிறைந்த பாறை வழியே இறங்கி இங்கே ஊற்றாகவும் வெளிவந்தது. சில இடங்களில் பூமியின் சூட்டால் அது வெதுவெதுப்பாகவே வரும். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மேலே மிதக்கும். இரண்டும் கலக்கும் இடத்தில், சர்க்கரைப் பாகில் தண்ணீர் ஊற்றினால் தெரியும் நெளிவைப்போல, பார்வை சற்று மங்கும். ஹவாய் மொழியில் ‘வை’ என்றால் நன்னீர், ‘ஓபை’ என்றால் இறால். இடத்தின் பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

குளத்துக்குள் இருந்தவை

அலையடிக்காத, வெளிச்சம் எட்டும் நீர் பவளங்களுக்கு ஏற்றது. மேட்டுப் பவளம், தட்டையாகப் படரும் பவளம், கிளைவிடும் பவளம் எனப் பல வகை இங்கே வளர்ந்தன. பெரிய மீன்கள் எளிதில் நுழைய முடியாத இடம் என்பதால் மீன் குஞ்சுகளுக்கு இது தொட்டிலாக இருந்தது. வண்ணத்துப்பூச்சி மீன்கள், உடலில் கறுப்புக் கோடுகள் கொண்ட ‘மனினி’ மீன்கள், கடல் அட்டைகள், முள்ளெலிகள் ஆகியவற்றை முழங்கால் அளவு நீரிலேயே காண முடிந்தது.

இதன் அருமையை உணர்ந்த ஹவாய் மாநில அரசு, 2003ஆம் ஆண்டில் வைஓபையைக் கடல்வாழ் உயிர்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. பாதுகாப்பு எல்லைக்குள் மீன் பிடிக்கவும் பவளத்தையும் பாறையையும் எடுக்கவும் தடை இருந்தது.

மிதந்து பார்க்கும் முறை

கண்ணாடி, மூச்சுக்குழாய், துடுப்புக் காலணி ஆகியவற்றை அணிந்து, முகத்தை மட்டும் நீரில் வைத்து மிதந்தபடி பார்ப்பதே ஸ்நோர்க்கலிங். பாறைக் குளத்தில் இதற்கெனச் சில ஒழுங்குகள் உண்டு. எந்த எரிமலைத் தீவுக்குப் போனாலும் இவை பொருந்தும்.

முதலாவது, நேரம். கடல் நன்றாக வற்றிய வேளையில் இறங்கினால் வயிறும் முழங்காலும் பவளத்தில் உரசும். காயம் மனிதருக்கு ஒரு வாரம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ ஓரிரு சென்டிமீட்டரோ மட்டுமே வளரும் பவளத்துக்கு அது பல ஆண்டு இழப்பு. எனவே ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, ஓரளவு நீர் நிறைந்திருக்கும்போது இறங்குவதே நல்லது.

இரண்டாவது, கால். இறுகிய எரிமலைக் குழம்பு கண்ணாடிச் சில்லுபோல் வெட்டும். தடித்த அடிப்பாகம் கொண்ட காலணியோடு நடந்து, நீர் போதுமான இடத்தில் மிதக்கத் தொடங்க வேண்டும். பவளத்தின் மேல் நிற்கக்கூடாது.

மூன்றாவது, வரம்பு. குளத்தின் வெளி விளிம்பில் திடீரென எழும் அலை ஆளை இழுத்துவிடும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதிருப்பது ஹவாயில் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் பாடம்.

நான்காவது, பூசும் களிம்பு. பவளத்துக்குக் கேடு விளைவிப்பதாகக் கருதப்படும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய இரு வேதிப்பொருள்கள் கலந்த வெயில் தடுப்புக் களிம்புகளின் விற்பனையை ஹவாய் தடை செய்துள்ளது. இதற்கான சட்டம் 2018 ஜூலையில் கையெழுத்தாகி, 2021 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நீண்ட கை நீச்சல் சட்டை அணிந்தால் களிம்பின் தேவையே குறையும்.

2018: நிலம் திறந்த ஆண்டு

கிலாவேயாவின் வெடிப்பு மண்டலத்தில் நிலம் மலிவு. எரிமலை அபாயம் மிக அதிகமுள்ள முதல் மண்டலம் என்பதே காரணம். ஓய்வுபெற்றவர்களும் குறைந்த வருமானக் குடும்பங்களும் அங்கே வீடு கட்டிக் குடியேறினர். 1960ஆம் ஆண்டு வெடிப்பில் பழைய கபோஹோ கிராமம் அழிந்ததை அறிந்தே வந்தவர்களும் அவர்களில் உண்டு.

2018 மே 3ஆம் தேதி, லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில் தரை பிளந்தது. மறுநாள் 6.9 அளவில் நிலநடுக்கம். மொத்தம் 24 பிளவுகள் திறந்தன. அவற்றுள் 8ஆம் எண் பிளவிலிருந்து கிளம்பிய குழம்பு ஆறாக ஓடி, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் கடந்து கபோஹோவை அடைந்தது. ஜூன் 2ஆம் தேதி ‘பச்சை ஏரி’ எனப்பட்ட நன்னீர் ஏரி சில மணி நேரத்தில் ஆவியானது. ஜூன் 3ஆம் தேதி இரவு குழம்பு கடலைத் தொட்டது. அடுத்த ஓரிரு நாளில் கபோஹோ விரிகுடா முழுதும் தூர்ந்தது. பாறைக் குளங்களும் அவற்றையொட்டிய வீடுகளும் இல்லாமல் போயின. அப்போதைய மேயர் ஹாரி கிம்மின் வீடு ஒன்றும் அவற்றுள் அடங்கும்.

அந்த வெடிப்பில் 700க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சுமார் 35 சதுர கிலோமீட்டர் நிலம் மூடப்பட்டது. கடலில் சுமார் 3.5 சதுர கிலோமீட்டர் புது நிலம் உருவானது. அந்தப் புது நிலம் யாருக்குச் சொந்தம்? கரையோர வீட்டுக்காரருக்கு அல்ல. எரிமலை கடலில் சேர்க்கும் நிலம் மாநிலத்துக்கே உரியது என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 1977லேயே தீர்ப்பளித்துவிட்டது. வீட்டுக்காரரின் பழைய மனை குழம்புக்கு அடியில் கிடக்கிறது. அதன் முன்னே விரிந்த புது நிலம் அரசாங்கத்துடையது.

மீண்டும் வருமா?

ஹவாய்ப் பூர்வகுடி மரபில் எரிமலையின் தெய்வம் பெலே. நிலத்தைப் படைப்பவளும் அவளே, விழுங்குபவளும் அவளே. 8ஆம் எண் பிளவுக்கு 2021ல் ‘அஹு ஐலாஅவ்’ என்று பெயர் சூட்டப்பட்டது. பெலேவுக்கு முன்பிருந்த, காட்டைத் தின்னும் நெருப்புத் தெய்வத்தின் பீடம் என்பது அதன் பொருள்.

பாறை புதிதாகக் கிடைத்துவிட்டது. ஆனால் பாறை மட்டும் குளமாகாது. ஹவாயில் கடலுக்குள் பாய்ந்த பழைய எரிமலைக் குழம்புகளின்மீது பவளம் எப்படித் திரும்புகிறது என்பதை ஆராய்ந்து 1974ல் வெளியான ஆய்வு, அலை மோதும் இடங்களில் அதற்குச் சுமார் 20 ஆண்டும், அலை மறைந்த இடங்களில் 50 ஆண்டுக்கு மேலும் ஆகும் என்று கண்டது. வைஓபை அலை மறைந்த இடம். அத்தோடு, கரை தாழ்ந்து பள்ளங்களில் நீர் நிறையவும் வேண்டும். 2018ல் அங்கே நீந்திய ஒரு சிறுவன் முதுமையடைந்த பிறகும் அதே காட்சியைக் காண்பானா என்பது உறுதியில்லை.

கடலில் வெடித்துச் சிதறிய குழம்பு கரிய மணலாகித் தெற்கே பொஹோய்க்கியில் புதிய கடற்கரையைத் தந்தது. அதே மணல் அங்கிருந்த படகுத் துறையின் வாயை அடைத்து மீனவர்களை முடக்கவும் செய்தது.

வைஓபையை எரிமலையிடமிருந்து யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் எரிமலை வருவதற்கு முன்பே அங்கிருந்த பவளங்களில் கட்டிபோன்ற நோய் வளர்ச்சி பரவியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். மனிதக் கால்களும் கழிவுநீரும் களிம்பும் தரும் பாதிப்பு மனிதரால் தடுக்கக்கூடியது. ஹீலோ நகரின் ரிச்சர்ட்சன் பூங்காவிலும் மேற்குக் கரையின் கஹலூஉ விரிகுடாவிலும் எரிமலைப் பாறை அரண்செய்த நீர் இன்றும் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பவளத்தை மிதிக்காமல் மிதந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், அடுத்து வருகிறவர்களுக்கும் அது இருக்கும்.