நிகழ்வை எழுப்பும் மெத்தட்

சி ஷார்ப் மொழியில் ஒரு நிகழ்வை (ஈவென்ட்) அதை அறிவித்த கிளாஸ் மட்டுமே எழுப்ப முடியும். வெளியிலுள்ள நிரலுக்குச் சந்தாதாரராகச் சேரவும் விலகவும் மட்டுமே உரிமை. வழிவந்த கிளாஸுக்கும் இதே தடைதான்.

இதற்கு டாட்நெட் மரபு கண்ட வழி அழகானது: ‘ஆன்’ என்ற முன்னொட்டுடன் புரொடெக்டட் விர்ச்சுவல் மெத்தட் ஒன்றை எழுதி, அதற்குள்ளிருந்தே நிகழ்வை எழுப்புவது. வழிவந்த கிளாஸ் அதை அழைக்கலாம், மாற்றியும் எழுதலாம். விண்டோஸ் ஃபார்ம்ஸ் பட்டனின் ‘பெர்ஃபார்ம்கிளிக்’ மெத்தட்டை அழைத்தால், மவுஸைத் தொடாமலே கிளிக் நிகழ்வு எழுவது இப்படித்தான்.

சந்தாதாரர் எவரும் இல்லாத நிகழ்வு வெற்று மதிப்பாகவே இருக்கும். அதை எழுப்ப முயன்றால் பிழை வரும். முன்பு இஃப் சோதனை போட்டார்கள். ஆனால் சோதனைக்கும் அழைப்புக்கும் இடையில் வேறொரு த்ரெட் கடைசிச் சந்தாதாரரை நீக்கிவிடக்கூடும். 2015இல் வந்த சி ஷார்ப் 6, கேள்விக்குறியும் புள்ளியும் இணைந்த குறியால் இரண்டையும் ஒரே வரியில் முடித்தது.